புறப்படுமுன் தீர்க்க வேண்டிய கணக்கு

 

இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளுள் ஹஜ்ஜுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தொழுகை ஏழைக்கும் கடமை, செல்வந்தருக்கும் கடமை. நிற்க முடியாதவர் அமர்ந்தும், அமர முடியாதவர் படுத்தவாறும் அதை நிறைவேற்றியாக வேண்டும். ஆனால் ஹஜ்ஜை வல்ல இறைவன், அங்குச் சென்றுவர இயன்றவர் மீது மட்டுமே கடமையாக்கியிருக்கிறான் (திருக்குர்ஆன் 3:97). 'இயன்றவர்' என்னும் அந்த ஒரு நிபந்தனையை நாம் எவ்வளவு ஆழ்ந்து சிந்தித்திருக்கிறோம்?

கையில் சில இலட்சம் சேர்ந்துவிட்டால் இயன்றவராகிவிட்டோம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மார்க்கச் சட்ட அறிஞர்களோ இதை விரிவாக வகுத்திருக்கிறார்கள். கடன்கள் போக மிஞ்சிய பணமாக அது இருக்க வேண்டும். நாம் திரும்பி வரும்வரை நம்மை நம்பியிருப்போருக்கு உணவும் செலவும் வீட்டில் இருக்க வேண்டும். உடலில் வலு வேண்டும். செல்லும் வழி அச்சமற்றதாக இருக்க வேண்டும். இவற்றை முட்டுக்கட்டைகளாகக் கருதலாகாது. அடியார்கள் தங்களையும் தங்கள் குடும்பத்தையும் துன்பத்தில் தள்ளிவிடாதிருக்க இறைவன் காட்டிய கருணை இது.

2023ஆம் ஆண்டு அந்தப் புனிதக் கடமையை நிறைவேற்றும் பேறு எனக்கும் என் மனைவிக்கும் கிட்டியது, அல்ஹம்துலில்லாஹ். அந்த அனுபவத்திலிருந்து உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: ஹஜ் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, வீட்டுக் கணக்கில் தொடங்குகிறது.

கல்லில் எழுதிய பாடம்

நாங்கள் வாழும் திருப்புலிவனம், உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் இருக்கும் சிற்றூர். உத்திரமேரூர் என்றதும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நினைவுக்கு வருவது குடவோலை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறை அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள்.

அந்தக் கல்வெட்டில் குலுக்கலைவிட என் மனத்தைத் தொட்டது வேறொரு செய்தி. குடத்தில் பெயர் விழுவதற்கே சில தகுதிகள் வேண்டும். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். குறித்த வயதுக்குள் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் எவரோ, அவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை.

இன்று ஹஜ் குழுவுக்கு வரும் விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுந்தால், அங்கும் 'குர்ஆ' எனப்படும் குலுக்கல்தான். விண்ணப்பம், கடவுச்சீட்டு, பணம் ஆகியவற்றை அலுவலர்கள் சரிபார்த்துவிடுவார்கள். ஆனால், "நீர் கணக்கை ஒப்படைத்துவிட்டீரா?" என்ற கேள்வியை எந்த அலுவலகமும் கேட்பதில்லை. அதை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய தகப்பனாரின் முடிவு

என் இளமையில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அது கப்பல் பயணம் முற்றிலும் மறையாதிருந்த காலம். நம் பெரியவர்கள் இரயிலேறிப் பம்பாய் சென்று, அங்கு முஸாஃபிர்கானாவில் தங்கி, கப்பலில் ஜித்தா சேர்வார்கள். 1987 முதல் சென்னையிலிருந்தே ஹஜ் விமானங்கள் புறப்பட்டன. 1995உடன் கப்பல் பயணம் நின்றுபோயிற்று.

என் பாட்டனார் விட்டுச் சென்றது ஐந்து ஏக்கர். அவருக்கு இரு புதல்வர்கள், ஒரு புதல்வி. மூத்தவர் என் பெரிய தகப்பனார். அடுத்தவர் என் தகப்பனார். இளையவர் வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை. சாலையோரத்து ஒரு ஏக்கரை விற்றுத் தம் மனைவியுடன் ஹஜ்ஜுக்குச் செல்லப் பெரிய தகப்பனார் முடிவு செய்தார். நிய்யத் வைத்த செய்தியை மகிழ்ச்சியோடு ஓர் ஆலிமிடம் சொல்லச் சென்றார். ஆலிம் அவரை வாழ்த்திவிட்டு, மெல்லக் கேட்டார்:

"தங்கைக்குரிய பங்கு கொடுத்தாகிவிட்டதா?"

நம் வீடுகளில் இக்கேள்விக்கு ஆயத்தமாக ஒரு பதில் இருக்கும் அல்லவா? "கலியாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், பிரசவம் பார்த்தோம்" என்பதே அது. ஆனால் சீர் என்பது அன்பளிப்பு. வாரிசுரிமை என்பது இறைவன் விதித்த பங்கு. பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில், அது குறைவாயினும் நிறைவாயினும், பெண்களுக்கும் பங்குண்டு என்று திருமறை தெளிவாக விதிக்கிறது (4:7). ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பெரிய தகப்பனார் வீடு திரும்பி, என் தகப்பனாரை அழைத்துப் பேசினார். பாகம் பிரிக்கப்பட்டது. ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் சகோதரர்களுக்கு இவ்விரண்டு ஏக்கர், அத்தைக்கு ஒரு ஏக்கர். எந்த ஏக்கரை அத்தைக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? விலை போகும் அந்தச் சாலையோர நிலத்தைத்தான்!

அத்தை ஓடோடி வந்தார். "எனக்கு நிலம் வேண்டாம் அண்ணா, நீங்கள் ஹஜ்ஜுக்குப் போங்கள்" என்று அழுதார். பெரிய தகப்பனார் இசையவில்லை. "பத்திரம் உன் பெயருக்கு வரட்டும், விளைச்சல் உன் வீட்டுக்கு வரட்டும். அதன் பிறகு எதைச் செய்தாலும் அது உன் விருப்பம். கைக்கு வராத பொருளை நீ விட்டுக்கொடுப்பதும் நான் வாங்கிக்கொள்வதும் வெட்கத்தால் நடப்பது" என்றார்.

எஞ்சிய இரண்டு ஏக்கரே அவருடைய குடும்பத்தின் வாழ்வாதாரம். நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின்படி, பிழைப்புக்கு வேண்டிய வருவாய் தரும் நிலத்தை விற்றேனும் ஹஜ் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆகவே, அவர்மீது அக்கடமை இல்லாமலே போயிற்று. சில ஆண்டுகளில், கஅபாவைக் காணாமலே அவர் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருக்கு இழப்பா, ஆதாயமா? வாசகர்களே, இக்கேள்வி பல ஆண்டுகள் என் உள்ளத்தில் இருந்தது.

மூன்றாண்டுக் காத்திருப்பு

ஒவ்வொரு நெல் அறுவடையின்போதும் சிறு தொகையை ஒதுக்கி வைப்பது எங்கள் வழக்கமாயிற்று. அரசு வழங்கிவந்த ஹஜ் பயண மானியத்தைப் படிப்படியாகக் குறைக்க 2012இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2018இல் மானியம் முற்றிலும் நிறுத்தப்பட்டது. சொந்தப் பொருளில் செய்யும் கடமைக்குச் சொந்தப் பொருளே அழகு என்று நாங்கள் ஆறுதல் கொண்டோம்.

ஒரு செய்தியை இங்கே நினைவூட்டுகிறேன். ஹஜ்ஜுக்கென்று சேர்த்து வைத்த பணமாயிற்றே என்று பலர் அதற்கு ஸகாத் கொடுப்பதில்லை. நிஸாப் அளவை எட்டி ஓராண்டு நிறைந்த சேமிப்பு, எந்த நோக்கத்திற்காக இருந்தாலும் ஸகாத்துக்கு உரியதே. அந்தக் கணக்கை என் மனைவிதான் ஆண்டுதோறும் ஒரு நோட்டில் எழுதி வந்தார்.

2020ஆம் ஆண்டுக் குலுக்கலில் எங்கள் பெயர்கள் வந்தன. பெருந்தொற்று உலகை முடக்கியது. அவ்வாண்டு சவூதி அரேபியாவுக்குள் வாழ்ந்தவர்களில் மிகச் சிலரே ஹஜ் செய்தார்கள். கட்டிய பணம் திரும்பி வந்தது. 2021லும் வெளிநாட்டினர்க்கு அனுமதியில்லை. 2022இல் வழி திறந்தபோது, 65 வயதைக் கடந்தோருக்கு இடமில்லை என்றார்கள். தமிழகத்து ஹாஜிகளோ கொச்சி சென்று விமானமேற வேண்டியிருந்தது. 2023இல்தான் வயது வரம்பு நீங்கிச் சென்னையிலிருந்து மீண்டும் ஹஜ் விமானங்கள் புறப்பட்டன.

"பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, கடைசிக் காலத்தில் போகலாம்" என்று கூறுவோரே! வசதியும் வலுவும் இருக்கும்போது தள்ளிப்போட்டவர்களில் எத்தனையோ பேர், அந்த மூன்றாண்டுகளில் வாய்ப்பையே இழந்தார்கள். கடமையானபின் தாமதிப்பது நம் கையில் இருக்கிறது. நாளைய நாள் நம் கையில் இல்லை.

பொருத்தம் தேடல்

புறப்படுமுன் உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் கண்டு பொருத்தம் கேட்பது நம் சமுதாயத்தின் அழகிய மரபு. ஆனால் அது ஒரு சடங்காகச் சுருங்கிவிடக் கூடாது. மாலையும் விருந்துமாக ஊரே கூடியிருக்கும்போது, "என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றால் யார்தான் "முடியாது" என்பார்?

உங்கள் வயலில் நாற்று நட்ட பெண்ணுக்குக் கூலி பாக்கி இருக்கிறதா? மருமகளின் நகை அடகுக் கடையில் இருக்கிறதா? மனைவிக்குரிய மஹர் நிக்காஹ் பதிவேட்டில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறதா? வரப்பை அடுத்த நிலத்துக்காரர் முஸ்லிமா, மாற்றுச் சமயத்தவரா என்பதல்ல கேள்வி. அவருடைய ஒரு சாண் மண் உங்கள் பக்கம் இருக்கிறதா என்பதே கேள்வி. இறைவழியில் உயிர் நீத்த தியாகிக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். தலை கலைந்து, புழுதி படிந்து, நெடும்பயணம் செய்து வானை நோக்கிக் கையேந்தும் ஒருவர், உண்பதும் உடுப்பதும் விலக்கப்பட்ட பொருளாயிருந்தால் அவருடைய துஆ எவ்வாறு ஏற்கப்படும் என்றும் வினவியிருக்கிறார்கள்.

ஆகவே, முதலில் ஒரு தாளை எடுங்கள். தரவேண்டியவை ஒரு புறம், வரவேண்டியவை ஒரு புறம் எழுதுங்கள். அமானிதப் பொருள்களைக் குறியுங்கள். வஸிய்யத்தை எழுதிச் சாட்சிகளின் கையெழுத்தோடு வையுங்கள். பொருத்தம் கேட்கும் பயணம் இந்தத் தாளைக் கையில் கொண்டு தொடங்கட்டும்.

நாங்கள் புறப்படுவதற்கு முன், முதுமையால் தளர்ந்த அத்தையும் வாலாஜாபாத்திலிருந்து வந்தார். வழக்கமாக எல்லோரும் கேட்கும் ஸம்ஸமையோ பேரீச்சையையோ அவர் கேட்கவில்லை. "அரஃபாத்தில் அண்ணனுக்குத் துஆச் செய்" என்று மட்டும் சொன்னார்.

உடலும் ஓர் அமானிதம்

ஹஜ் என்பது நடை. தவாஃபுக்கு ஏழு சுற்று. ஸஃபா, மர்வா இடையே ஏழு நடைக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். மினாவில் கூடாரத்திலிருந்து ஜமராத்துக்கும் திரும்பவும் நடை. கூட்ட நாள்களில் பேருந்துகள் நின்றுவிட்டால் அதற்கும் மேல் நடை. கிராமத்து மக்களாகிய நமக்கு நடை புதிதன்று என்று எண்ண வேண்டாம். வயலுக்கு நடப்பது வேறு. இலட்சக்கணக்கானோர் நடுவே, சுடும் வெயிலில், உறக்கமின்றி நடப்பது வேறு.

புறப்படுவதற்கு மூன்று மாதங்கள் முன்பே, பஜ்ருக்குப் பின் நாங்கள் இருவரும் உத்திரமேரூர் வரை நடந்து திரும்பப் பழகினோம். பயணத்தில் அணியவிருக்கும் செருப்பையே அணிந்து நடந்தோம். புதுச் செருப்பை அங்குப் போய் அணிந்து, கொப்புளத்தோடு அவதியுற்றவர்கள் பலர். நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு இரவும் பாதங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மருந்தை இரு பைகளில் பிரித்து வைத்து, மருத்துவரின் சீட்டையும் உடன் கொள்ள வேண்டும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். இஹ்ராமில் நறுமணம் விலக்கப்பட்டது என்பதால், வாசனையற்ற சோப்பும் வாசலினும் தேவை. தொடை உராய்ந்து புண்ணாகும் ஆண்களுக்கு அந்த வாசலின் பேருதவி.

2024இல் நடந்ததை நாம் மறக்கலாகாது. மக்காவில் வெப்பம் 51 டிகிரி செல்சியசைத் தாண்டிய அவ்வாண்டில் 1,301 பேர் உயிரிழந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் முறையான ஹஜ் அனுமதியின்றி வந்தவர்கள். தங்கக் கூடாரமின்றி, நிழலின்றி நெடுந்தொலைவு நடந்தவர்கள். அல்லாஹ் அவர்களுடைய பிழைகளை மன்னிப்பானாக! "குறைந்த செலவில், வேறு விசாவில் அழைத்துச் செல்கிறேன்" என்று வருவோரிடம் நாம் ஏமாறக் கூடாது. வழி அச்சமற்றிருப்பதும் இயலுமையின் ஒரு பகுதி என்று அறிஞர்கள் சொன்னது இதற்காகத்தானே?

முதுமையாலும் தீராப் பிணியாலும் வாகனத்தில் அமரவும் இயலாத பெற்றோரை வற்புறுத்தி அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய இறுதி ஹஜ்ஜின்போது, கஸ்அம் குலத்துப் பெண்ணொருவர் தம் வயோதிகத் தந்தையைக் குறித்து இதையே கேட்டார். அவருக்குப் பகரமாக ஹஜ் செய்ய அனுமதி கிடைத்தது. பெண்களைப் பொறுத்தவரை, மஹ்ரம் துணையின்றி 45 வயதைக் கடந்தோர் குழுவாகச் செல்ல 2018 முதல் இந்திய ஹஜ் குழு வழி செய்திருக்கிறது. இதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதால், உங்கள் ஆலிமிடம் கேட்டு நடப்பது நலம்.

அரஃபாத் பெருவெளியில்

சென்னையில் இஹ்ராம் உடுத்தோம். மீக்காத் எல்லையை விமானம் நெருங்கும்போது நிய்யத் செய்து தல்பியா முழங்கினோம். அதன்பின் இரு வெள்ளைத் துணிகளில் ஊர்ப் பெருமையும் தொழிற் பெருமையும் ஒடுங்கிவிடும். எங்கள் தங்குமிடம் மக்காவின் அஸீஸிய்யாப் பகுதியில். ஒரே அறையில் பலர். ஒரே அடுப்படியில் பல குடும்பங்கள். ஹஜ்ஜில் வாக்குவாதம் கூடாது என்று திருமறை (2:197) ஏன் தனியாகச் சொன்னது என்பது, குளியலறை வரிசையில் நிற்கும்போதுதான் புரிகிறது! அதே வசனம், வழிக்குத் தேவையானவற்றைச் சேர்த்துக்கொள்ளவும், அவற்றுள் சிறந்தது இறையச்சமே என்றும் கற்பிக்கிறது. பெட்டியில் ஊறுகாய்க்கு இடம் ஒதுக்கும் நாம், பொறுமைக்கும் சிறிது இடம் ஒதுக்க வேண்டும்.

துல்ஹஜ் எட்டாம் நாள் மினா. 1997இல் அங்குப் பெருந்தீ மூண்டு 343 பேர் மாண்டதன் பின்னர், எளிதில் தீப்பற்றாத கூடாரங்கள் நிறுவப்பட்டுள்ளன. ஒன்பதாம் நாள், ஜூன் 27 அன்று அரஃபாத். வெயில் 45 டிகிரியைக் கடந்து எரித்துக்கொண்டிருந்தது. ளுஹரையும் அஸரையும் தொழுதுவிட்டுக் கூடாரத்தில் கையேந்தினோம். என் உதட்டில் முதலில் வந்தது பெரிய தகப்பனாரின் பெயர்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஹிஜ்ரி பத்தாம் ஆண்டு, கி.பி. 632இல், இதே அரஃபாத்தில் அன்றோ அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையை நிகழ்த்தினார்கள்! இந்த நாளும் இந்த மாதமும் இந்த நகரும் எவ்வளவு புனிதமோ, அவ்வளவு புனிதம் பிறருடைய உயிரும் பொருளும் என்று அன்று அறிவித்தார்கள். பெண்களின் உரிமைகளில் இறைவனை அஞ்சுமாறும் அறிவுறுத்தினார்கள். அந்தப் பேருரை ஒலித்த மண்ணை என் பெரிய தகப்பனார் மிதிக்கவில்லை. ஆனால் அந்தப் பேருரையை, திருப்புலிவனத்துச் சாலையோரத்து ஒரு ஏக்கரில் அவர் நிறைவேற்றிவிட்டார். அவருக்கு இழப்பில்லை என்றே நான் நம்புகிறேன். தங்கையின் நிலத்தை விற்று அரஃபாத்தில் வந்து நிற்பவருக்கல்லவா இழப்பு?

மாலையில் முஸ்தலிஃபா. திறந்த வானத்தின்கீழ் இரவு. கையில் பொறுக்கிய பொடிக்கற்கள். மறுநாள் ஒரு தூணுக்கு ஏழு கற்கள். அடுத்தடுத்த நாள்களில் மூன்றுக்கும் சேர்த்து இருபத்தொன்று. ஒவ்வொரு கல்லையும் எறியும்போது, பேராசை எனும் ஷைத்தான் வெளியே மட்டும் நிற்கவில்லை என்ற உணர்வு வந்தது. குர்பானி கொடுத்து, முடி களைந்து, தவாஃபும் ஸஃயும் முடித்தபோது உடல் ஓய்ந்திருந்தது, உள்ளமோ இலேசாகியிருந்தது. பலியின் இறைச்சியும் இரத்தமும் இறைவனை அடைவதில்லை, நம் இறையச்சமே அடைகிறது என்ற திருமறையின் போதனை (22:37), அதுவரை ஓதிய பொருளைக் காட்டிலும் ஆழமாக விளங்கிற்று.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

வாசக நேயர்களே! ஹஜ் மாதங்கள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள்கள் முன்னோக்கி நகர்வதால், கடும் கோடையிலிருந்து அப்பயணம் மெல்ல விலகி வருகிறது. வசதி படைத்தோர் இனியும் தயங்காமல் நிய்யத் வையுங்கள். கடன் வாங்கிச் செல்லாதீர்கள். பிறர் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டும் செல்லாதீர்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் அன்றே, சகோதரியின் பங்கையும் கூலியாளின் பாக்கியையும் மனைவியின் மஹரையும் நிரப்புங்கள்.

அவ்வாறு கொடுத்ததால் பணம் குறைந்து பயணம் நின்றுபோனால் கலங்காதீர்கள். நபி இப்ராஹீம் (அலை) அவர்களை ஹஜ்ஜுக்கு அழைப்பு விடுக்கச் செய்த இறைவன், உங்கள் வாசல்வரை வந்த அந்த அழைப்பையும் அதற்கு நீங்கள் கொடுத்த பதிலையும் அறிந்தவன்.

யா அல்லாஹ்! எங்கள் கணக்குகளைத் தீர்த்துவிட்டு உன் இல்லம் வருவோராக எங்களை ஆக்குவாயாக! வர இயலாமற்போன எங்கள் முன்னோரின் நிய்யத்துகளை ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன்.